பங்க்கில் கற்பூரம் ஏற்றக் கூடாது

முட்டுக்காடு பக்கம் ஒரு விடுதி வாசலில் பழைய பெட்ரோல் பம்ப் ஒன்றைச் சிவப்புச் சாயம் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஜனங்கள் அதைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் பங்க்கிலும் இதே மாதிரிதான் இருந்தது. தலையில் இரண்டு கண்ணாடிக் குடுவை, பக்கத்தில் கைப்பிடி. அடிக்க அடிக்க ஒன்று நிரம்பும், இன்னொன்று வண்டிக்குள் இறங்கும். அழகுதான், யார் இல்லை என்றது? நாற்றம்தான் போட்டோவில் விழாது. என் கல்யாணப் புடவையில்கூட அந்த வாடை அடித்தது.

எழுபதுகளில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் அத்தா, அந்தப் பங்க்கை நடத்தினார். நாங்கள் முஸ்லிம்கள்; வேலையாட்களும் டாக்ஸிக்காரர்களும் இந்துக்கள். ஆயுத பூஜையன்று பம்புக்குச் சந்தனம் பூசுவார்கள். மாலைக்கு அத்தாவே காசு கொடுப்பார். ஒரே நிபந்தனை, கற்பூரத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம்தான் ஏற்ற வேண்டும். அங்கிருந்தே பம்பைப் பார்த்துத் தட்டைச் சுற்றுவார்கள். பம்ப் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

அத்தாவின் உயிர்க் கூட்டாளி ஒரு டாக்ஸி டிரைவர். எனக்கு மாமா முறை வைத்துத்தான் கூப்பிட்டுப் பழக்கம். வெள்ளைக்காரர்களை மகாபலிபுரத்துக்குக் கூட்டிப்போவார். காலமெல்லாம் யார் யார் வண்டியையோ ஓட்டியவர், ஓர் ஆயுத பூஜையன்று சொந்த அம்பாசிடரில் வந்து நின்றார். பழசுதான், ஆனால் அவருடையது. முதல் பெட்ரோல் அத்தா கையால்தான் என்று டாங்கைக் காயப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தோஷத்தில் நிபந்தனை மறந்துவிட்டது போல. பம்பை ஒட்டியே, பூசணிக்காய் மேல் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

அத்தா ஓடிப்போய் அதைத் தட்டிவிட்டார். அத்தனை பேர் முன்னால், கன்னாபின்னாவென்று கத்தினார். பெட்ரோல் பற்றிக்கொள்ளும் என்று பயந்துவிட்டார், பாவம்.

மாமாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"எங்க சாமின்றதாலதான தட்டிவுட்ட பாய்?" என்றார்.

 அந்தப் பேச்சு அவர்களுக்கு நடுவில் அதுவரை வந்ததே கிடையாது. மாமா எலுமிச்சம்பழத்தின் மேலேயே வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கண்ணெதிரே, கொஞ்ச தூரத்திலேயே, பெட்ரோல் இல்லாமல் அது நின்றது. நன்றாக வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அத்தா ஒரு டின்னில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தார். பூசணிக்காயையும் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் என்னை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். அதுவும் பக்கத்தில் வராதே, தள்ளி வா என்று ஓர் அதட்டல். நான் அவற்றை வண்டி முன்னால் வைத்தேன். அத்தா டின்னோடு எட்டப் போய் நின்றுகொண்டார்.

"ஏத்து மச்சான். அணையட்டும், வந்து ஊத்துறேன்."

மாமா உரச உரச, குச்சிகள் ஒவ்வொன்றாக வீணாயின. ஒருவழியாகக் கற்பூரம் எரிந்து அடங்கியது. பூசணிக்காயை உடைத்தார். அணைந்துவிட்டது என்று அவர் தலையசைத்த பிறகுதான் அத்தா கிட்டே வந்து ஊற்றினார். மாமா போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டார், சவாரிக்காரர்களுக்குத் திறப்பது போல.

"ஏறு பாய். மொத சவாரி நீதான்."

அத்தா அந்தக் கதவைச் சாத்திவிட்டு, முன்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பூஜை நாள், பங்க்கில் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு பேரும் மகாபலிபுரம் பக்கம் கிளம்பிப் போய்விட்டார்கள். நான் காலி டின்னோடு ரோட்டில் நின்று, திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.