ஹாரன் அடித்ததும் முடியும் படம்

"...அங்கதான் ஒரு திருப்பம்" என்று நிறுத்திவிட்டு ஆண்டியப்பன் தகரக் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோகிறார். குடிக்கமாட்டார். குடிப்பதுபோல் வைத்துக்கொண்டு, விளிம்புக்கு மேலாகச் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார். நிறுவைக் கொட்டகையில் கொழுந்துக் கூடைகளைச் சாய்த்துவிட்டு வட்டமாக உட்கார்ந்திருக்கும் பெண்களில், யாராவது ஒருத்தி பிசைந்த சோற்றை வாயில் போட மறந்து கையிலேயே வைத்திருக்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் அவருக்கு அடுத்த வார்த்தை வரும்.

"அண்ணே, சொல்லித் தொலைங்கலா! வேலைக்குக் கூப்பிட்டு மண்டோர் விசில் ஊதிருவான்" என்று வேலாயி கத்துகிறார்.

"பொறு தங்கச்சி. அந்தப் புள்ள ஒரு பாட்டுப் பாடிட்டுத்தான் அழுவும்."

பாட்டும் வரும். வரிகள் நினைவில்லாத இடத்தில் மூக்கால் புல்லாங்குழல் வாசிப்பார். காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டுத் தபேலா.

ஆண்டியப்பனுக்கு எங்கள் தோட்டத் தொழிற்சாலை லோரியில் உதவியாள் வேலை. ஆள் நெட்டை, கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புக் கட்டம்போட்ட துண்டு. வாரம் ஒருமுறை தேயிலைப் பெட்டிகளோடு மலையிறங்கி ஈப்போ டவுனுக்குப் போவார். பெட்டிகளை இறக்கிய பிறகு, திரும்ப ஏற்ற வேண்டிய உரமூட்டை வந்து சேர நேரமாகும். அந்த இடைவெளியில் மத்தியான ஆட்டம் ஒன்று பார்த்துவிடுவார். மறுநாள் அந்தப் படம் எங்கள் கேமரன் மலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து ஊரான பிரிஞ்சாங் வரை போய்ப் படம் பார்க்கவே வசதியில்லாத லயத்து வரிசைவீட்டுப் பெண்கள், பத்து வருடமாக அவர் வாயில்தான் சினிமா பார்க்கிறார்கள்.

தணிக்கைச் சான்றிதழிலிருந்து ஆரம்பிப்பார். "மொதல்ல ஒரு பேப்பர் காட்டுவான், அதுல கையெழுத்து." இடைவேளை என்று அறிவித்துவிட்டு நிஜமாகவே எழுந்து தேயிலைச் செடிகளுக்குள் போய்வருவார். திரும்பி வந்ததும் விமர்சனம். சண்டை பரவாயில்லை; அம்மாக்காரிக்கு இருமல் ஜாஸ்தி; கதாநாயகன் சிறையில் ஏழு வருடம் இருந்தும் கன்னம் மழமழவென்று இருக்கிறது, அங்கே யார் சவரம் செய்துவிட்டது? இப்படி அவர் கேட்ட கேள்விகள் எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் வந்ததில்லை.

அவர் சொல்லும் முடிவுகளுக்கு ஒரு தனி லட்சணம் உண்டு. யாரும் சாவதில்லை. எல்லாம் கைமீறிப் போகிற கட்டத்தில் வாசலில் ஒரு ஹாரன் சத்தம் கேட்கும். காணாமல் போன அண்ணனோ, வெளிநாட்டுக்குப் போன கொழுந்தனோ, மனம் திருந்திய மாமனாரோ வண்டியிலிருந்து இறங்குவார்கள். சமூகப் படமானாலும் சரி, ராஜா ராணிப் படமானாலும் சரி. "ராஜா காலத்துல ஏதுண்ணே ஹாரன்?" என்று ஒருமுறை, கொழுந்து பறிக்கும் ரஞ்சிதம் கேட்டதற்கு, "ஊதுகொம்பும்மா, கொம்பு" என்றார்.

எங்கள் தோட்டத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் எனக்கு எதுவும் எழுத வராது. கோலாலம்பூரில் படித்த நாட்களில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு படம் பார்த்திருக்கிறேன். விடுமுறைக்கு மலையேறி வந்தால், நான் பார்த்த அதே படத்தை ஆண்டியப்பன் சொல்லிக்கொண்டிருப்பார். முக்கால் பங்கு அச்சு அசல். அதன்பிறகு எனக்குத் தலை சுற்றும். கதாநாயகி கிணற்றில் விழுந்து செத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். இங்கே அவளுக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. ஈப்போவுக்கு வேறு பிரதி அனுப்புகிறார்களோ என்றுகூட யோசித்தேன். கொஞ்ச நாள், நான்தான் தியேட்டரில் தூங்கிவிட்டேன் என்றே நம்பினேன்.

லோரி ஓட்டும் காளியண்ணன்தான் விளக்கம் சொன்னார். ஒருநாள் அவரோடு மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் போனபோது கேட்டேன்.

"அட, அவன் எந்தப் படத்த முழுசாப் பாத்தான்? மூடுபனி எறங்குறதுக்குள்ள மலை வளைவெல்லாம் தாண்டணும்லா. மூட்டை ஏத்துன ஒடனே நேரா தியேட்டர் வாசல்ல கொண்டுபோயி நிறுத்தி ஹாரன் அடிப்பேன். படம் எந்த எடத்துல இருந்தாலும் ஓடி வந்துரணும். வண்டில ஏறுனதும் வாயத் தொறக்கமாட்டான். கண்ணாடியப் பாத்துக்கிட்டே வருவான். மேல ரிங்லெட் ஊரு வர்றப்போ தானா ஒரு சிரிப்புச் சிரிப்பான். படம் முடிஞ்சிருச்சுன்னு நான் தெரிஞ்சுக்குவேன்."

"யார்கிட்டயும் சொன்னதில்லையாண்ணே?"

"சொல்லி? நாளையிலேர்ந்து நீ வந்து கதை சொல்வியா?"

இந்த முடிவுகளில் ஒன்று மட்டும் கொட்டகையோடு நிற்கவில்லை. ரஞ்சிதம் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த வருடம் ஆண்டியப்பன் ஒரு படம் சொன்னார். பெரிய பண்ணைவீடு. அதன் நெல் களஞ்சியம் எரிவதிலிருந்து படம் ஆரம்பம்; யார் வைத்த தீ என்று காட்டாமல் கதை பின்னோக்கிப் போகிறது. கடைசியில் மருமகள் மஞ்சுளா அரிக்கேன் விளக்கோடு இருட்டில் களஞ்சியத்தை நோக்கி நடக்கிறாள். அந்த இடத்தில் வாசலில் ஹாரன் அடிக்க, கொழுந்தன் வந்து இறங்க, அவள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்துக் குடும்பத்தையே காப்பாற்றுகிறாள். ஊற்றுவதைக் காட்டக் குவளையில் மிச்சமிருந்த தேநீரைக் கையை அகல வீசித் தேயிலைச் செடிகளின் மேல் விசிறினார் ஆண்டியப்பன். பெண்கள் கைதட்டினார்கள். அது முதல் எந்தப் படத்தை முடித்தாலும் அந்த வீச்சு உண்டு. பிறந்த பெண்ணுக்கு ரஞ்சிதம் மஞ்சுளா என்று பெயர் வைத்தார். மாமியார் சொன்ன குலசாமிப் பெயரை ஒதுக்கிவிட்டு வைத்த பெயர். அந்த வீட்டில் ரஞ்சிதம் ஜெயித்த முதல் வழக்கு அதுதான்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வந்த சமயம், மலைக்கு வீடியோவும் வந்து சேர்ந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் பிரிஞ்சாங்கில் ஒரு கடையில் பெட்டியை வாடகைக்குப் பேசி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் படம் போடுவதாக அறிவித்தார்கள். எந்தப் படம் என்று தெரிந்ததும் ரஞ்சிதம் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்: "எம் மவ பேரு வந்த படம்!"

அன்று சாயங்காலம் ஆண்டியப்பன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, அந்தப் படத்த நீ முழுசாப் பாத்தியா?"

"பார்த்தேண்ணே."

"அரிக்கேனோட போவாள்ல, அது வரைக்கும் நான் சொன்னது சரி?"

"சரிதான்."

"அப்புறம்?"

தீ வைத்தவளே மஞ்சுளாதான் என்று சொன்னேன். அவளுடைய அக்காவை அந்த வீட்டார் கொன்றிருந்தார்கள். பழிவாங்கவே மருமகளாக வந்தவள். ஆண்டியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்தக் குளிரில் துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

"அவளா? கோழிக்குஞ்சுக்குத் தவிடு வச்சுட்டுச் சாப்பிட ஒக்காந்தவ தம்பி அவ! மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே."

அது ஒரு நாவலிலிருந்து எடுத்த படம் என்பதையும், நாவலை நான் படித்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். சட்டென்று நிமிர்ந்தார்.

"புக்குல யாரு வச்சா?"

"யாரும் வைக்கலண்ணே. களஞ்சியத்துல கெடந்த ஈர வைக்கோல் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாப் பிடிச்சுக்குது. ஆனா கடைசிவரைக்கும் யாருக்கும் அது தெரியாது. ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டே குடும்பம் பிரிஞ்சுரும்."

"அப்ப படம் எடுத்தவன் புக்கப் படிக்கலையா?"

"படிச்சிருப்பான். மாத்திட்டான்."

"ஏன் மாத்தணும்?"

திரைக்கதை, வியாபாரம், ரசிகர் மனநிலை என்று படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அவன் மாத்தலாம்னா..." என்று ஆரம்பித்தவர் அத்தோடு நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். சொல்ல வந்ததை முடிக்காமல் அவர் விட்டுப் போய் நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆயாக் கொட்டகையில் தொட்டில்களைச் சுருட்டிக் கட்டிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். மஞ்சள் கவுன் போட்ட மகளோடு ரஞ்சிதம் முதல் வரிசையில். ஆண்டியப்பன் கதவோரம். படத்தில் "மஞ்சுளா!" என்று யாராவது கூப்பிட்டபோதெல்லாம் கூட்டம் திரும்பிக் குழந்தையைப் பார்த்துச் சிரித்தது. குழந்தையும் ஒவ்வொரு தடவையும் "ஆங்" என்றது. கோடு கோடாக ஓடிய அந்தப் படத்தில், மருமகள் அரிக்கேன் விளக்கைக் கையில் எடுத்தாள். ஆண்டியப்பன் எழுந்து செருப்பை மாட்டினார். பழக்கம். வெளியே ஹாரன் இல்லை. லோரி ஷெட்டில் நின்றது, காளியண்ணன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போக இடமில்லாமல் நின்றபடியே ஆண்டியப்பன் தம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தின் முடிவைப் பார்த்தார்.

களஞ்சியம் பற்றி எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மஞ்சுளா சிரித்தாள். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

வேலாயிதான் தொடங்கினார். "ஏ ரஞ்சிதம், இன்னிலேர்ந்து ஒன் வீட்டு நெருப்புப்பெட்டிய என்கிட்ட குடுத்துரு. மவ வளர்றா."

சிரிப்பு வெடித்தது. குழந்தையும் சேர்ந்து சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார், "நான் அப்பவே சொன்னேன், சாமி பேரு வையின்னு" என்றார்.

"இது வேற படம்" என்றார் ரஞ்சிதம்.

"அதே பாட்டு, அதே வீடு, அதே கோழிக்குஞ்சு. எப்பிடி வேற படம்?" என்றார் மாமியார்.

"டேப்புக்காரன் வெட்டி ஒட்டியிருப்பான்லா. இவனுங்கள நம்பலாமா?" என்றார் ரஞ்சிதம்.

"புக்கு ஒண்ணு இருக்காமே, வாத்தியாரு படிச்சிருக்காராமே?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். குழப்பம் இரண்டு மடங்கானது. "யாருமே வைக்கலன்னா எதுக்கு இம்புட்டு நேரம் ஒக்காந்து பாத்தோம்?" என்றார் வேலாயி. "வைக்கோலு தானா எரியுமா? இந்த மழையில வெறகே எரிய மாட்டேங்குது" என்றது ஒரு குரல். "அப்ப மொத்தம் மூணு மஞ்சுளாவா?" என்று இன்னொருவர். மூன்றில் எது கதை என்று என்னைக் கேட்டார்கள். எழுதியவனுடையதா, எடுத்தவனுடையதா, இத்தனை வருடம் இந்த மலையில் எல்லாரும் நம்பியதா?

ரஞ்சிதம் எழுந்து நின்றார். மகளின் கை அவர் கையில் இருந்தது.

"அண்ணே. ஈப்போவுல பெரிய திரையில பாத்தது நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னதக் கேட்டுத்தான் நான் சண்ட போட்டுப் பேரு வச்சேன். பள்ளிக்கூடத்துலயும் அந்தப் பேருதான். இவங்க முன்னாடியே சொல்லுங்க. அவ தீய அணைச்சாளா, வச்சாளா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

காளியண்ணன் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தார்.

அதற்குள் அண்டாவிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆண்டியப்பன் கையிலும் யாரோ ஒரு தகரக் குவளையைத் திணித்திருந்தார்கள். விளிம்புவரை நிரம்பியிருந்தது, ஆவி பறந்தது. அவர் ரஞ்சிதத்தைப் பார்த்தார். "ஆங்" என்று சொல்லக் காத்திருப்பதுபோல் நின்ற குழந்தையைப் பார்த்தார். கொட்டகையில் ஒருவரும் வாயில் எதையும் போடவில்லை.

கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே மூடுபனி இறங்கித் தேயிலைச் செடிகளை மறைத்திருந்தது. மஞ்சுளா தீயை அணைப்பதாகக் காட்டிய அதே வீச்சில் கையை அகல வீசி, கொதிக்கக் கொதிக்க இருந்த அந்தத் தேநீர் முழுவதையும் பனிக்குள் விசிறினார். சிந்தியது பட்டு மணிக்கட்டு வரைக்கும் தோல் சிவந்துபோனது. அந்தக் கையை உதறாமல், குவளையைக் கவிழ்த்து எல்லாரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு நின்றார்.