அறுபதாம் கலியாணத்துக்கு ஒரு கல்லறை

என் மனைவியின் அண்ணனுக்கு எனது டெனிஷ் ஒரு பகிடி. எந்த விசேஷத்திலும், "இவருக்கு டெனிஷிலை பால் வாங்கவும் தெரியாது" என்று சபையில் சொல்லுவார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டே பழிவாங்க நாள் பார்த்திருந்தேன்.

தன் அறுபதாம் கலியாண அழைப்பிதழுக்குப் படமெடுக்க, டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகருக்கு அருகே ஒரு பிரபுவின் மாளிகைப் பூங்காவுக்கு என்னைக் கூட்டிப் போனார். மரங்களுக்கிடையே தூண் வைத்த பழைய கல்மண்டபம் ஒன்று நின்றது.

"கோயில் மண்டபம் மாதிரிக் கிடக்கு. இதிலை எடும் மச்சான்."

அவர் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்க, வாசலில் டெனிஷில் பொறித்திருந்ததை வாசித்தேன். பிரபுவின் பரம்பரை முழுவதும் உள்ளே அடக்கம். பட்டு வேட்டியோடு படியில் அமர்ந்தவரை, சிரிக்கச் சொல்லிச் சொல்லி எடுத்தேன்.

அழைப்பிதழ் எல்லோருக்கும் போன பிறகுதான் அவருடைய மகள் படத்தைப் பெரிதாக்கி வாசல் எழுத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இது ஆக்களைத் தாட்ட இடம்."

என் மனைவி என்னை முறைத்தாள். மச்சான் மெல்லத் திரும்பினார்.

"நீர் இதை வாசிக்கேல்லையோ?"

வாசித்தேன் என்றால் அன்றிலிருந்து எனக்கு வீட்டில் சோறில்லை.

"எனக்கெங்கை மச்சான் டெனிஷ் தெரியும்?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டியளோ, அவரே சொல்லிறார்."

பழி வாங்கியாயிற்று. அதை ஒருவரிடமும் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லையே என்பதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.