பிள்ளையோடு வாங்கோ

செய்தி வாசிக்க உட்காருமுன் நான் சரிபார்ப்பவை: கைபேசியின் சார்ஜ், ஒலிவாங்கி, ஜன்னல் வெளிச்சம், இணைய வேகம், பிள்ளையின் நித்திரை. முதல் நான்கும் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவை.

ஒரு சிறிய செய்திப் பக்கத்துக்காகத் திருகோணமலை நகரில் எங்கள் வீட்டு அறையிலிருந்து மாலைச் செய்தியை நேரலையில் வாசிக்கிறேன். கணவருக்குத் துறைமுகத்தில் முறை மாறி மாறி வேலை. ஒருநாள் அவருக்குப் பின்னேர முறை. சாம்பல்தீவில் ஒரு ஒழுங்கையின் வீடுகளுக்குக் குழாய்நீர் வராமல் போனதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வயது மகள் எழும்பி வந்து, மடியில் ஏறி, என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். இடையில் நிறுத்தினால் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் திரும்பி வரமாட்டார்கள். ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

காலையில் அந்தக் காணொளித் துண்டு எல்லாருடைய கைபேசியிலும் இருந்தது. "இவவெல்லோ தாய்." "வீட்டில ஒருத்தரும் இல்லையோ?" "முதல் பாலைக் குடு, பிறகு செய்தியை வாசி." வாழ்த்தியவர்களும் ஏசியவர்களும் பிள்ளையைப் பற்றியே எழுதினார்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

செய்திப் பக்கத்தின் ஆசிரியர் அழைத்தார். "நாளைக்கும் பிள்ளையை மடியில வச்சிரும்."

"ஏலாது அண்ணை. ஒருநாள் அப்பிடி நடந்திட்டுது, அவ்வளவுதான்."

"உமக்கு விளங்கேல்லை. சனம் அவளைத்தான் பாக்குது."

எனக்கு விளங்கியிருந்தது. அன்று காலைதான் சந்தையில் முன்பின் தெரியாத ஒருவர் மகளின் கன்னத்தைத் தொட்டு, வீட்டில் நாங்கள் மட்டும் கூப்பிடும் செல்லப்பெயரைச் சொன்னார். நேரலையில் என் வாயிலிருந்து ஒருமுறை வந்த பெயர். அவள் சிரித்துக்கொண்டு அவரிடம் போகக் கையை நீட்டினாள். இனி அவளைத் திரையில் காட்டுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

அடுத்த நாள், சாம்பல்தீவிலிருந்து தகவல் தந்த அக்கா அழைத்தார். மூன்று பிள்ளைகளின் தாய்.

"தங்கச்சி, எங்கட தண்ணிக் கதை என்ன மாதிரி?"

"வாசிச்சனான் அக்கா."

"வாசிச்சனீங்கள், ஓம். ஆர் கேட்டது? குறை நினைக்காதேங்கோ. ஒருக்கா பிள்ளையோட இங்க வாங்கோ. அவளை இடுப்பில வச்சுக்கொண்டு குழாயைத் திறந்து காட்டுங்கோ. தண்ணிக் கந்தோர்காரர் உடன ஓடி வருவினம்."

"பிள்ளையைக் காட்ட விருப்பமில்லை அக்கா."

"அப்ப என்ர மூண்டையும் படம் பிடியுங்கோ. ஆனா இதுகளை ஆர் பாக்கப்போகினம்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு மறுக்க முடியவில்லை. மகளோடு போனேன். நேரலையில் அவள் வெறும் குழாயைத் தட்டி, "தண்ணி இல்ல" என்றாள். அந்த வாரமே தண்ணீர் வந்தது. அக்கா நிரம்பிய வாளியைப் படம் பிடித்து அனுப்பினார். சந்தோஷம்தான். ஆனாலும் அன்று முழுக்கக் கதிரையை விட்டு எழும்ப மனம் வரவில்லை.

பிறகு தோப்பூரிலிருந்து வாய்க்காலுக்கு, நிலாவெளியிலிருந்து தெருவிளக்குக்கு என்று அழைப்புகள் வந்தன. எல்லாரும் பிள்ளையையும் சேர்த்தே கேட்டார்கள். சாட்டுச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். நேற்று கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் அண்ணன் ஒருவர், பள்ளிக்கூடப் பாதையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்றார்.

"புள்ளையையும் கூட்டிட்டு வாங்க தங்கச்சி. குடை, பால் எல்லாம் நாங்க பாத்துக்குறம்."

"மகள் வரமாட்டா, நானா. நான் மட்டும் வாறன்."

"நீங்க தனிய வந்து என்னம்மா செய்யிற?" கேலியே இல்லாமல், உண்மையான கவலையோடுதான் கேட்டார்.

"படம் பிடிக்கிறன். உங்களோட கதைக்கிறன்."

"சரி, வாங்க."

இன்று கணவருக்கு ஓய்வு. மகளை அவரிடம் விட்டு, கமராவோடு பஸ் ஏறினேன். கிண்ணியாவில் அவரும் அயலவர் நாலைந்து பேரும் தரிப்பிடத்தில் காத்திருந்தார்கள். நான் இறங்கி ஸலாம் சொன்னேன். அவர்கள் பதில் சொல்லிக்கொண்டே, எனக்குப் பின்னால் பஸ் வாசலைப் பார்த்தார்கள்.