கப்பற்காரன் தந்த தடிமன் மருந்து

எங்கள் மாமா எந்த மொழியும் தெரியாமலே எல்லா நாட்டுக்காரரோடும் கதைப்பவர். அம்மாவின் ஒரே தம்பி. திருகோணமலைத் துறைமுகத்தில், தேயிலைப் பெட்டிகளைக் கரையிலிருந்து கப்பலுக்கு ஏற்றிச் செல்லும் பாரப்படகுகளில் அவருக்கு வேலை. படகு கப்பலின் பக்கத்தில் போய் நிற்கும்போது மேலேயிருந்து எட்டிப் பார்க்கும் மாலுமிகளோடு கையாலும் கண்ணாலும் சிநேகம் பிடித்துவிடுவார். ஒரு சீப்பு வாழைப்பழம் மேலே போகும். ஒரு சவர்க்காரக் கட்டியோ பால் டின்னோ கீழே வரும்.

அந்த மண்ணிறப் போத்தலும் அப்படித்தான் வந்தது. தும்மலும் இருமலுமாக வேலை செய்துகொண்டிருந்த மாமாவைப் பார்த்து இரங்கி ஒரு மாலுமி கொடுத்தது. கொடுத்த விதத்தை மாமா எங்கள் வீட்டு விறாந்தையில் நின்று நடித்துக் காட்டினார். மாலுமி முதலில் தும்மினானாம். பிறகு இருமினானாம். பிறகு மூக்கைத் துடைத்துக் காட்டி, எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும் என்பதுபோலப் போத்தலைத் தட்டினானாம். கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடினானாம். அதாவது படுக்கப் போகும்போது குடி. கடைசியாகக் கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்தைக் காட்டி, தலையை இரண்டு பக்கமும் பலமாக ஆட்டினானாம்.

"பாவம் அக்கா, அவனுக்குப் பிள்ளையள் இல்லையாம்."

"அதை ஏன்டா உன்னட்டச் சொல்ல வேணும்?"

"என்னைப் பாத்தா ஆருக்கும் மனசுவிட்டுக் கதைக்க வரும்."

அந்த மருந்தில் ஒரு மிடறு குடித்த மாமா மறுநாள் வேலைச் சங்கு ஊதியும் எழும்பவில்லை. அதை மருந்தின் பெருமையாகவே எல்லோரும் சொன்னார்கள். மிச்சத்தை என் தம்பிக்கென்று எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தம்பி அப்போது பள்ளிக்கூடம் போகாத வயது. பல நாளாகத் தடிமன், மூக்கொழுகல். இருமி இருமி அவனும் உறங்கவில்லை, அம்மாவும் உறங்கவில்லை. அப்பா தம்பலகாமத்தில் அறுவடைக்குப் போயிருந்தார்.

இங்கே போத்தல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நாளில் ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கப் போகிறவர்கள் போத்தலைத் தாங்களே கொண்டுபோக வேண்டும். மருந்து கலக்குபவர் அதில் மிக்ஸ்சரை ஊற்றி, ஓரம் பல்லுப்பல்லாக வெட்டிய காகிதப் பட்டி ஒன்றை வெளியே ஒட்டித் தருவார். ஒரு வேளைக்கு ஒரு பல் குறையும்வரை குடிக்க வேண்டும். கரண்டி தேவையில்லை, எழுத்தும் தேவையில்லை. மூடியில்லாத போத்தலைக் கொண்டுபோனால் அவர் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவார். எங்களிடம் இருந்ததற்கு மூடி இல்லை. கடதாசியைச் சுருட்டி அடைத்திருந்தோம். ஆகவே மாமாவின் போத்தலைக் கண்டதும் அம்மாவின் கண் முதலில் போனது அதன் திருகுமூடிக்குத்தான். கப்பல் மருந்தை எங்கள் பழைய போத்தலுக்கு மாற்றினார். மண்ணிறப் போத்தலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஒட்டியிருந்த தாளைச் சுரண்டியெடுத்து, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக வெயிலில் கவிழ்த்துவைத்தார். பழைய போத்தலில் காகிதப் பட்டி அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் தம்பிக்கு ஒரு பல் அளவு கொடுத்தார். தும்மலுக்கென்று வேறொரு டிஸ்பென்சரியில் வாங்கிய குளிசையில் பாதியைப் பொடித்துத் தேனில் குழைத்தும் கொடுத்தார். இரண்டு மருந்து குடித்தால் கெதியாகச் சுகம் வரும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

இருமல் நின்றது. தம்பி பாயில் சரிந்து உறங்கிப்போனான்.

"எத்தினை நாளைக்குப் பிறகு பிள்ளை நித்திரை கொள்ளுது. சத்தம் போட்டியோ, தோலை உரிப்பன்," என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போனார்.

நான் அவன் பக்கத்தில் இருந்து விசிறினேன். அவன் விநோதமாகக் குறட்டை விட்டான். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று ஒரு மூச்சு. அது எனக்கு நல்ல விளையாட்டாகப் பட்டது. அவன் மூச்சு நின்றதும் நானும் மூச்சைப் பிடிப்பேன்; அவன் விட்ட பிறகுதான் நான் விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் நானே தோற்றேன். என்னைவிடச் சின்னவன் வெல்வதைப் பொறுக்காமல், கால்விரலில் நடந்து குசினிக்குப் போய் முறையிட்டேன்.

"அம்மா, தம்பி என்னைவிடக் கனநேரம் மூச்சுப் பிடிக்கிறான். ஏமாத்துறான் போல."

அம்மா சிரித்தார். சிரிப்பு முடியுமுன் கையிலிருந்த மீன் கீழே விழுந்தது.

பிறகு நடந்தவை எனக்கு முன்பின்னாகவே ஞாபகம் இருக்கின்றன. அம்மா அவனைத் தூக்கி உலுக்கினார். தலை ஒரு பக்கம் தொங்கியது. முகத்தில் தண்ணீர் ஊற்றினார். உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது. முன்வீட்டுக்காரரின் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்துப் போத்தல் என் மடியில் இருந்தது. சத்தம் போடாதே என்று சொன்ன அம்மாதான் வழி முழுவதும் கத்திக்கொண்டு வந்தார்.

டொக்டர் தம்பியின் இமையைத் திறந்து பார்த்தார். கண்ணின் கறுப்பு ஊசித்துளை அளவுக்குச் சுருங்கியிருந்ததாம். "பிள்ளைக்கு என்ன குடுத்தீங்கள்?"

"மருந்துதான் ஐயா. ஒரு பல்லு."

அவர் போத்தலை முகர்ந்தார். "இது எங்கட மிக்ஸ்சர் இல்லை. ஒட்டியிருக்கிறது மட்டும் எங்கட பட்டி. இது வந்த போத்தல் எங்கை?"

"கழுவிப்போட்டன்," என்றார் அம்மா.

தாளும் இல்லை, பெயரும் இல்லை. ஓர் ஆள் ஓடிப்போய் மாமாவை இறங்குதுறையிலிருந்து கூட்டிவந்தார். தேயிலைத் தூசி படிந்த சாரத்தை இடுப்பில் கட்டியபடியே வந்தவரிடம், அதைத் தந்தவன் என்ன சொன்னான் என்று டொக்டர் கேட்டார். மாமாவுக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். தும்மினார், இருமினார், கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாதி என்னை முறைத்தார். மாமா கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தித் தலையை ஆட்டினார்.

"அது என்ன?"

"தனக்குப் பிள்ளை இல்லை எண்டு..."

"பிள்ளையளுக்குக் குடுக்க வேண்டாம் எண்டெல்லோ அந்த மனிசன் சொல்லியிருக்கிறான்!"

மாமாவின் கை தாழ்த்திய இடத்திலேயே நின்றது. பிறகு அவர் சுவரோடு சரிந்து தரையில் இருந்தார்.

அந்தக் கப்பல் மருந்தில் அபினின் இனமான ஒரு மருந்தும், தும்மலை நிறுத்தும் இன்னொன்றும் சேர்ந்திருக்க வேண்டும் என்று டொக்டர் பிறகு விளக்கினாராம். அபினினம் இருமலோடு மூச்சையும் அடக்கும். நாங்கள் கொடுத்த குளிசையும் தூக்கத்தைக் கூட்டுவதுதான். வளர்ந்தவருக்கே மருந்தோடு வரும் அளவுக்கரண்டியால் அளந்து கொடுக்க வேண்டியது; தம்பியின் வயதுக்கு ஒரு துளியும் ஆகாது. அம்மா கொடுத்ததோ தண்ணீர் கலந்த மிக்ஸ்சருக்கு வெட்டிய பட்டியின் அளவு. இன்று என் வீட்டில் எந்த மருந்தும் வந்த போத்தலை விட்டு மாறுவதில்லை. தடிமனுக்கு இரண்டு மருந்து சேர்ந்து வந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் மூடி திறப்பதில்லை.

ஆனால் அன்றைக்கு நான் கண்டது வேறு. தம்பியின் மூக்கில் குழாய் வைத்தார்கள். ஒரு தாதி அவன் உள்ளங்காலில் அடித்தார், காதைக் கிள்ளினார், "கண்ணைத் திற, கண்ணைத் திற" என்று கத்தினார். அம்மாவும் சேர்ந்து அடித்தார். அவன் கண்ணைத் திறப்பான், மூடுவான், திரும்ப அடிப்பார்கள். நான் வாசலில் நின்று "அடிக்காதேங்கோ, அவனுக்கு நித்திரை வருது" என்று அழுதேன். யாரும் திரும்பவில்லை.

பின்னேரம் தம்பி வாய்விட்டு அழுதான். வார்டு முழுவதும் கேட்கும்படி, கால்களை உதைத்து, மூச்சு வாங்கி வாங்கி அழுதான். அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடித்த தாதி "இன்னும் அழு ராசா" என்றார். நான் மாமாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா, அவனுக்கு நோகுது. நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"அழட்டும் பிள்ளை," என்றார் மாமா. அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "நல்லா அழட்டும்."

நான் அவர் சாரத்தை விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கனகாலம் மாமாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த வார்டில் நின்ற அத்தனை பேரிலும் தம்பியின் பக்கம் நின்றவள் நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.