உப்புப் போடப் போடச் சிவந்த தோல்

திருச்சியில் ஒரு கல்லூரிச் சோதனைச்சாலையில் நான் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தபோது ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த மூன்று வரியால் என் சிநேகிதனின் வாழ்க்கை கெட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அவனும் நானும் அதே கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம்; அவன் திருச்சி ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. அவனுடைய அத்தா இறந்துபோகவே படிப்பை விட்டுவிட்டு, செம்பட்டுப் பக்கம் இருந்த தாய்மாமனின் தோல் மண்டியில் சேர்ந்தான். மண்டிக்கு வரும் பச்சை மாட்டுத்தோல் அழுகுவதற்குள் கல்லுப்பை அள்ளித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பு முழுவதும் அவனுடையது. மாமன் மகளை அவனுக்கென்று பேசி முடித்தும் வைத்திருந்தார்கள்.

ஒரு கோடையில் அடுக்கி வைத்திருந்த தோல்கள் சிவந்தன. யாரோ வெற்றிலையை மென்று துப்பிவிட்டுப் போன மாதிரி சதைப்புறம் முழுவதும் சிவப்புத் திட்டு. கை வைத்தால் பிசுபிசுப்பு, குமட்டுகிற வாடை. மாமனின் கூட்டாளிகள் இரண்டு பேரும் குதித்தார்கள். பையன் உப்பை ஒழுங்காகப் போடவில்லை, போட்டதாகப் பொய் சொல்கிறான் என்றார்கள். படித்தவர் யாராவது பார்த்துச் சொல்லட்டும், அதுவரை பொறுங்கள் என்று மாமன் அவர்களை அடக்கி வைத்தார்.

அவன் ஒரு துண்டுத் தோலைத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான்.

"மைக்ராஸ்கோப்புல பாத்துச் சொல்லுடா. நான் உப்பக் கொறைக்கவே இல்ல. செவக்குதேன்னு இன்னும் ரெண்டு பங்கு போட்டேன். போடப் போட இன்னும்ல செவக்குது!"

நான் சிரித்துவிட்டேன். "உப்பு ஜாஸ்தியானா ஒண்ணும் வளராதுடா. அதனாலதானே ஊறுகாய் கெடாம இருக்கு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கண்ணால பாத்தத சொல்றேன்."

கண்ணால் பார்த்ததைச் சொன்னவனை அனுப்பிவிட்டு, படித்ததை நம்பிய நான் வேலையை ஆரம்பித்தேன்.

கல்லூரியில் நான் பெரிய சீர்திருத்தவாதி. ஆசாரமெல்லாம் பாலத்துக்கு அந்தப்பக்கம், காவிரியைத் தாண்டினால் நான் வேறு ஆள் என்று பீற்றிக்கொள்வேன். ஆனால் மாட்டுத்தோலைத் தொட வேண்டும் என்று வந்தபோது என் கை தானாகவே குழாய்க்குப் போயிற்று. வெளியிலிருந்து எது வந்தாலும் தண்ணீர் பட்ட பிறகே உள்ளே எடுக்கும் வீட்டில் வளர்ந்த கை. அந்தத் துண்டை நாலு முறை நல்ல தண்ணீரில் அலசினேன். சோதனைக்குச் சுத்தம் வேண்டாமா என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பிறகு சுரண்டி, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் ஏற்றி, மறுபடியும் நல்ல தண்ணீரில் கழுவினேன். பார்த்தால் உருத்தெரியாத தீற்றல்தான் இருந்தது. வழக்கமான ஊட்டக் கரைசலில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து வளர்த்தும் பார்த்தேன். எங்கும் இருக்கிற வெள்ளைக் கிருமிகள்தான் வந்தன. மூன்றாவது நாள் எழுதிவிட்டேன்.

தோலில் சிவப்பு நிறக் கிருமி எதுவும் இல்லை. அவ்வளவு உப்பில் எந்தக் கிருமியும் பிழைக்காது. உப்பு முறையாகப் போடப்பட்டிருந்தால் இந்தச் சேதம் நேர்ந்திருக்காது.

மூன்றாவது வரியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் மேதாவித்தனம் கேட்டது.

மண்டியில் அதைப் படித்த அன்றே அவனை வெளியே அனுப்பினார்கள். கல்யாணப் பேச்சும் அதோடு நின்றது. வேலையில் ஏமாற்றிவிட்டு மாமனிடமே பொய் சொன்னவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? ரங்கூனில் ஒரு கடையில் ஆள் வேண்டும் என்று தெரிந்து புறப்பட்டான். போகிற அன்று கல்லூரி வாசலுக்கு வந்து நின்றான்.

"நீ வேணும்னு எழுதலைன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா நான் பொய் சொல்லல. போயிட்டு வரேன்."

நான் தலையை ஆட்டினேன். என்னிடமே பொய் சொல்லிவிட்டானே என்று எனக்குத்தான் அவன்மேல் கோபம். வேடிக்கையைப் பாருங்கள். ரங்கூன் போய்ச் சேர்ந்ததும் விலாசத்தோடு ஒரு கடிதம் போட்டான். நான் பதில் எழுதவில்லை.

மூன்று வருஷம் கழித்து, ஒரு புரட்டாசி மாதம், கல்லூரி நூலகத்துக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உப்பிட்ட மீன் சிவந்துபோவது பற்றி ஒரு கட்டுரை இருந்தது. சிவப்புக்குக் காரணம் ஒரு கிருமி. உப்பளத்து உப்போடுதான் அது வருகிறது. உப்பு நிறைய இருந்தால்தான் வளரும். நல்ல தண்ணீர் பட்டால் அழிந்துபோகும். நின்றபடியே படித்தேன்.

கடைத்தெருவில் கல்லுப்பு வாங்கி வந்து, இனிக் கரையாது என்கிற அளவுக்கு ஊட்டக் கரைசலில் போட்டு, வெயில் படும் ஜன்னலில் வைத்தேன். வாரக்கணக்கில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலை குடுவையில் இளஞ்சிவப்பு ஓடியிருந்தது. இம்முறை கழுவாமல், அந்த உப்புநீரிலேயே ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சின்னச் சின்னக் குச்சிகள், உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தன. தகட்டின் ஓரத்தில் ஒரு துளி நல்ல தண்ணீர் விட்டேன். குச்சிகள் உப்பின, உருண்டையாயின, ஒவ்வொன்றாகக் காணாமற் போயின. குழாயடியில் நான் என்ன செய்தேன் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

அவை எப்படி உப்பில் பிழைக்கின்றன என்பது பின்னாளில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. சாதாரண உயிர் உப்பில் விழுந்தால் அதன் உள்நீரை உப்பு இழுத்துவிடும்; மாங்காய்த் துண்டு சுருங்குவது அதனால்தான். இந்தக் கிருமிகளோ வெளியே எவ்வளவு உப்போ, ஏறக்குறைய அவ்வளவு உப்பை, வேறொரு வகை உப்பாக, தமக்குள்ளும் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. உள்ளும் புறமும் சமமாக இருப்பதால் நீர் வெளியேறுவதில்லை. அவற்றின் புரதங்கள் உப்புக்குள்தான் உருக்குலையாமல் நிற்கும். உடம்பின் மேலுறை கலையாமல் இருப்பதும் உப்பினால்தான். அந்தச் சிவப்பு, உப்பளத்து வெயிலைத் தாங்குவதற்கு. எது மற்றதையெல்லாம் கொல்கிறதோ அது இல்லாமல் இவற்றால் ஒரு நாழிகைகூட இருக்க முடியாது. அவன் அள்ளி அள்ளிப் போட்ட ஒவ்வொரு கை உப்பும் அவற்றுக்குச் சாப்பாட்டு இலை போட்டு உட்கார வைத்த மாதிரி ஆகியிருக்கிறது. பாவி, அதைத்தான் அவன் தன் வாயால் என்னிடம் சொன்னான்.

குச்சிகள் தண்ணீரில் அழிந்ததைப் பார்த்த அன்றே ரங்கூனுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இன்னொரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். செம்பட்டுக்கு ஆளனுப்பித் தோல் துண்டு வாங்கி, அதிலும் பார்த்தேன். சந்தேகமே இல்லாமல் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். அவனைக் குற்றவாளி ஆக்க மூன்று நாள் போதுமானதாக இருந்தது எனக்கு. இல்லை என்று சொல்ல மூன்று மாதம் வேண்டியிருந்தது. தப்பை ஒப்புக்கொள்ள வெட்கம் என்பதுதான் நிஜம்.

மார்கழியில், ஏகாதசிக் கூட்டம் ஸ்ரீரங்கத்தை நெரித்துக்கொண்டிருந்த சமயம், கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன். அதே மாதம் ரங்கூனில் ஜப்பான்காரர்களின் குண்டு விழுந்தது. கடிதம் போயிற்றா, கடலில் கிடந்ததா, எனக்குத் தெரியாது. பதில் வரவில்லை. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் சேர்ந்தார்கள். சித்திரையில் வந்த ஒருவர் மண்டியில் செய்தி சொன்னார். மலைவழியில் காய்ச்சல் கண்டு அவன் போய்விட்டானாம்.

மண்டிக்குப் போனேன். மாமனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குழாயடியைக்கூட.

"தெரியலைன்னு எழுதியிருக்கலாமே தம்பி" என்றார் அவர். "அது ஒண்ணு போதுமே, நான் சமாளிச்சிருப்பேன்."

பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். "வாங்க, இத எங்க அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க."

என் சிநேகிதனின் அம்மா நடுக்கட்டுத் திரைக்கு உள்ளே இருந்தார்கள். நான் வெளியே நின்றுகொண்டு, அவன் சொன்னது அத்தனையும் உண்மை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அவன் உங்ககிட்ட வரமாட்டேன்னுதான் சொன்னான்" என்றது திரைக்குள்ளிருந்து வந்த குரல். "நான்தான் அனுப்பி வச்சேன். யாரு நம்பாட்டியும் ஒன் சிநேகிதரு நம்புவாரு, போன்னு."