தொட்டிக்குள் கிடந்த சொப்புக் குடம்

உப்புப் படகில் உசத்தியான சரக்கு உப்பு அல்ல, குடிதண்ணீர். அந்தக் காலத்து மரக்காணத்தில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். கால்வாய் வழியே பட்டணம் போய்ச் சேர ஐந்தாறு நாளாகும். கால்வாய்த் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத கரிப்பு. அப்பாவின் படகில் முன்பெல்லாம் மண்சால்களில்தான் நல்ல தண்ணீர் போகும். மதகில் படகு ஒரு முட்டு முட்டினால் சால் விரிசல் விட்டுவிடும். அதனால் அப்பா திண்டிவனத்துக்கு வண்டி கட்டிப் போய், துத்தநாகம் பூசிய தகரத்தில் பெரிய தொட்டி ஒன்று செய்துகொண்டு வந்தார். தண்ணீர் அலம்பிச் சிந்தாமலிருக்க, மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு வாய். பிடித்துக் குடிக்க அடியில் ஒரு மரத்தக்கை. ஊரே வந்து அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் சொப்புச் சாமானில் உள்ளங்கைக்குள் அடங்கும் செப்புக் குடம் ஒன்று உண்டு. அதைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீர் மொள்ளப் பார்த்தேன். நழுவி உள்ளே போய்விட்டது. அம்மாவிடம் சொன்னால் முதுகு பழுத்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பொழுது விடிந்தால் சண்டைதான். படகு கிளம்பும் நாளில் தொட்டியை நிரப்புவது அம்மா வேலை. நிரப்பி முடித்ததும், "போறதுன்னா ஜல்தியா போய்ச் சேர வேண்டியதுதான, இன்னாத்துக்கு நின்னுக்கினு?" என்று சிடுசிடுத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவிடுவாள். மற்ற படகுக்காரர் வீட்டுப் பெண்கள் கரையில் நின்று கண்ணைக் கசக்குவார்கள். என் அம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நான் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன். என் தீர்ப்புகளில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்ததில்லை.

ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பட்டணம் போகும் வழியில், முன்னும் பின்னும் ஊர் இல்லாத ஓர் இடத்தில் தொட்டி காலியாகிவிட்டது. அடித்தகரம் சல்லடையாகியிருந்தது. ஒன்றரை நாள் சொட்டுத் தண்ணீர் இல்லை. துணைக்குப் போயிருந்த சித்தப்பா தாகம் தாங்காமல் கால்வாயில் அள்ளிக் குடித்து, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாராம். பிழைத்து வந்ததே பெரிது. அன்று அம்மா அடுப்பு மூட்டவில்லை. தொட்டி செய்த தகரக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசித் தீர்த்தாள்.

"நாலு பேரு முன்னால அவன் வண்டவாளத்தத் தண்டவாளத்துல ஏத்திட்டு வர்றேன்" என்று அப்பா, சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு, தொட்டியை வண்டியில் ஏற்றினார். நானும் அழுது அடம்பிடித்து ஏறிக்கொண்டேன். திண்டிவனம் பார்க்கிற ஆசையில் அல்ல. யார் கண்ணிலும் படாமல் என் குடத்தை எடுத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

பட்டறை முன்னால் கூட்டம் கூடிவிட்டது. மட்டமான தகரத்தைப் போட்டு ஏமாற்றிவிட்டதாக அப்பா சத்தம் போட்டார். தகரக்காரர் ஈர்க்குச்சி போல ஒல்லி, ஆனால் அசரவில்லை.

"என் வேலையில கோளாறுன்னா இந்தப் பட்டறையவே இழுத்து மூடிக்கிறேன். மொதல்ல உள்ள இன்னா கீதுன்னு பாத்துடலாம்" என்று மேல்தகட்டை வெட்டித் திறந்தார்.

உள்ளே சுண்ணாம்பு போல வெள்ளைப் பொருக்கும் துருவும். நடுவில், பச்சை பூத்து, என் குடம். பக்கத்தில் ஒரு செப்புத் தாயத்து. சாமியாவது பூதமாவது என்று பேசுகிற சித்தப்பா, கையிலிருந்து அறுத்துக் கால்வாயில் வீசிவிட்டதாக ஊரெல்லாம் பெருமையடித்த அதே தாயத்து. சித்தப்பா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அப்புறம் தகரக்காரர் பொறுக்கிப் போட்டவை, விரல் நீளச் செப்புத் தகடுகள். ஏழோ எட்டோ இருக்கும். மந்திரம் கீறிச் சுருட்டி நூல் கட்டியவை. ஒவ்வொன்றும் கிடந்த இடத்தில் தகரத்தில் ஓர் ஓட்டை.

"செம்பும் இந்தத் தகரமும் ஒரே தண்ணியில குடித்தனம் பண்ணாதுங்க. தகரத்தத் தின்னுடும். இத்தினியும் உள்ள போட்டு வச்சிக்கினு என்னைச் சொல்றீங்களே!"

சித்தப்பா ஒரு தகட்டை எடுத்துப் பார்த்து, "அண்ணே, இந்த நூலு அண்ணி பொடவையில..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூட்றா" என்றார் அப்பா.

எனக்கு அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. என் கண் முழுக்க என் குடத்தின் மேல்தான். அப்பா அந்தத் தகடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதே கூட்டத்துக்கு முன்னால் கை கூப்பி, "தப்பு என்னுதுங்க" என்றார். புதுத் தொட்டிக்குச் சொல்லிவிட்டு, விசித்திரமாக ஒன்று கேட்டார். மேல்தகட்டை மூடுமுன், வாய்க்கு நேர் கீழே ஒரு மண் கலயத்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். மேலிருந்து எது விழுந்தாலும் தகரத்தில் படக்கூடாது.

"போடறத நிறுத்தச் சொன்னா ஆச்சு. இதுக்கு ஏன் கலயம்?" என்றார் தகரக்காரர்.

"அது பாட்டுக்கு வுழட்டுங்க" என்றார் அப்பா.

திரும்பும் வழியில் ஒரு குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி, என் குடத்தை மண் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார். "ஊட்டுல ஒண்ணும் சொல்லாத" என்றார். நான் ஏன் சொல்லப் போகிறேன்!

வீட்டு வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னா சொன்னான் அந்தத் தகரக்காரன்?"

"தகரம் மட்டம்தான். ஒத்துக்கினான். புதுசு போட்டுத் தர்றான்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று அம்மா நிமிர்ந்தாள்.

நான் வாயைப் பிளந்தேன். பொய்யே பேசாத அப்பா! ஊர் முன்னால் கை கூப்பிவிட்டு வந்தவர், அம்மா அடியிலிருந்து என்னைக் காப்பாற்ற, கூசாமல் ஒரு பொய் சொல்லிவிட்டார். அவரை அன்றுபோல் என்றும் நான் நேசித்ததில்லை.

அடுத்த நடைக்கு அம்மாதான் புதுத் தொட்டியை நிரப்பினாள். கடைசிக் குடத்தை ஊற்றியதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தொட்டி வாய்க்குள் கையை விட்டாள். உள்ளே கலயத்தில் ஏதோ 'டிக்'கென்று தட்டியது. அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஏற்கெனவே கட்டியிருந்த படகுக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். "இன்னும் கெளம்பலியா?" என்று சிடுசிடுத்துவிட்டு, அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

நான் குடத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, படகு மறையும்வரை கரையில் நின்றேன். எனக்காகப் பொய்கூடச் சொன்ன அப்பாவுக்கு இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரி வாய்த்தாளே என்றுதான் வருத்தமாக இருந்தது.