மயிலாஞ்சிக்கு முந்தின நாள்

மட்டாஞ்சேரியில் எங்கள் ராவுத்தர் வீடுகளில் கல்யாணம் நிச்சயமானால் ஜுமைலா இத்தாவுக்குத்தான் முதலில் ஆள் போகும். மணப்பெண்ணைக் குளிப்பாட்டுவது அவள் தொழில். நான் அடுத்த வீட்டுக்காரி. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும்.

இடித்து நாராக்கிய இஞ்சைக் கொடிப் பட்டையால்தான் தேய்ப்பாள். முதல் நாளே ஊறப்போட்டு மெத்தென்று ஆக்கிவிடுவாள். பெண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவி அரைமணி உட்கார வைத்து, இளஞ்சூட்டில் தண்ணீர் ஊற்றி, குழந்தை முகத்தைத் துடைக்கிற மாதிரி தேய்ப்பாள். ஈரம் காயுமுன் மறுபடி எண்ணெய். மயிலாஞ்சி, அதாவது மருதாணி, இடுவதற்கு முன் இரண்டு நாள் பட்டையே கூடாது.

“தேய்ச்ச தோலு எளசு, மோளே. அதும்மேல மயிலாஞ்சி பட்டா எரியும்” என்பாள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் எங்கள் தெரு சகீலாவின் நிக்காஹ். மகர மாதக் காற்றில் அவள் கால் செதில் செதிலாக உரிந்திருந்தது. இத்தா மூன்று தடவை குளிப்பாட்டிச் சரியாக்கினாள். சகீலாவுக்குப் போதவில்லை. மயிலாஞ்சிக்கு முந்தின நாள் குளிமுறிக் கதவைச் சாத்திக்கொண்டு, காய்ந்த பட்டையால் பாதம்வரை பறபறவென்று தேய்த்திருக்கிறாள். இது பின்னால் அவளே சொன்னது.

மறுநாள் பெண்கள் கூடியிருக்க, பாதத்தில் மயிலாஞ்சி பட்டதும் அலறினாள். கால் முழுக்கச் சிராய்ப்பு.

“உன் கையா, அரமா?” என்று அவள் உம்மா மரியம் இத்தாவிடம் பாய்ந்தாள்.

“ரெண்டு நாளா நான் இவளைத் தொடவே இல்லை. கேளுங்க.”

எல்லோரும் சகீலாவைப் பார்த்தோம்.

“நேத்து ஜுமைலா மாமிதான் தேய்ச்சாங்க” என்றாள் அந்தப் புண்ணியவதி, தலையைக் குனிந்துகொண்டு.

அன்றோடு இத்தாவை ஒருவரும் கூப்பிடவில்லை. பண்டகசாலைக்கு மிளகு புடைக்கப் போனாள். ஆறு வருஷம்.

அறுபத்து நாலில் சகீலா இத்தாவின் கொல்லைக் கதவைத் தட்டினாள். நான் உள்ளேதான் இருந்தேன்.

“மாமி, அன்னிக்குப் பயந்து பொய் சொன்னேன். நானேதான் தேய்ச்சது. இப்ப தங்கச்சிக்குக் கல்யாணம், அவ காலும் உரியுது. எப்படின்னு சொல்லித் தாங்க. இந்தத் தடவை எல்லார் முன்னாடியும் உங்க பேரைச் சொல்றேன்.”

“சொல்லாதே இத்தா” என்று நான் கத்தினேன். கேட்டாளா? பேர் திரும்பக் கிடைக்கும் என்றதும் முகமே மலர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள்.

“செவந்தா நிறுத்திடு. வெடிப்போ புண்ணோ இருந்தா பட்டையே வேண்டாம், எண்ணெய் மட்டும்.”

கல்யாணத்துக்கு நான் போனேன். தங்கச்சியின் பாதம் பளபளவென்று இருந்தது. யார் தேய்த்தது என்று கேட்காதவர் இல்லை.

“நான்தான்” என்று சிரித்தாள் சகீலா.

“யாரு சொல்லித் தந்தா?” என்றேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“யாரு சொல்லித் தரணும்? எல்லாம் கைராசி.”

அங்கேயே இரண்டு வீட்டார் அவளை மணப்பெண் குளிப்பாட்டக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து இத்தாவிடம் கொட்டித் தீர்த்தேன்.

“அன்னிக்கு என் பேரைச் சொல்லிக் கெடுத்தா. இன்னிக்குச் சொல்லாமக் கெடுத்துட்டா” என்றாள்.